ஐம்பத்தைந்துக்கு மேல் நெகிழ்ச்சி

எனக்குப் பிறந்தநாள் வரப்போகிறது என்பதை எங்கள் அலுவலகம் பத்து நாளைக்கு முன்பே எனக்கு எழுத்து மூலம் தெரிவித்தது. பழுப்பு உறை. உள்ளே ஒரு தாள். 'அடுத்த வாரம் வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தாங்கள் மகிழ்விக்கப்படுவீர்கள். உரிய நேரத்தில் முதல் மாடிக் கூடத்துக்கு வந்து சேரவும். தவறினால் ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்க நேரிடும்.' கீழே மகிழ்ச்சி அலுவலரின் கையெழுத்து, அதன் மேல் ரப்பர் முத்திரை. பெற்றுக்கொண்டேன் என்பதற்கு நானும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டுத் தொலைத்தேன்.

எங்களுடையது ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற அலுவலகம். கொடுக்கிற என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். நான் புகார்ப் பிரிவில் எழுத்தர். தண்ணீர் வராத தெருக்காரர்கள் என் ஜன்னலுக்கு வந்து கத்துவார்கள். நான் அந்தக் கத்தலை எல்லாம் வடிகட்டிவிட்டு மிச்சத்தைப் பதிவேட்டில் எழுதிவைப்பேன். முப்பத்தைந்து வருஷமாக இதுதான் பிழைப்பு. இன்னும் ஒரே ஒரு வருஷம் ஓட்டிவிட்டால் ஓய்வு.

பிறந்தநாள் ஆணை எட்டு மாதத்துக்கு முன்னால் வந்தது. அலுவலகத்தில் இருக்கும் இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் கொண்டாடியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிறந்தவர்கள் வெள்ளிக்கிழமையே பிறந்துவிட்டதாகக் கருதப்படுவார்கள். மகிழ்ச்சி எந்த மாதிரி இருக்க வேண்டும் என்பதற்கும் வயதுவாரியாகப் பிரிவு உண்டு. முப்பது வரை ஆரவாரம். நாற்பத்தைந்து வரை பூரிப்பு. ஐம்பத்தைந்து வரை நிறைவு. அதற்கு மேல் போனால் நெகிழ்ச்சி. ஆரவாரத்துக்குப் பலூன் உண்டு, நெகிழ்ச்சிக்குக் கிடையாது.

ஆரவாரத்தில் இருப்பவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். புதிதாகச் சேர்ந்த தட்டச்சுப் பெண்ணுக்குப் போன மாதம் இருபத்து மூன்று முடிந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கு மெழுகுவத்தி முதல் ஊதலிலேயே அணைந்துவிட்டது, படம் சரியாக விழவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். மறுபடி ஏற்றி மறுபடி அணைத்தார்கள். பூரிப்புக்காரர்களின் கவலை வேறு. யார் வந்தார்கள், யார் வரவில்லை, வந்தவர்களில் யார் உள்ளங்கை படாமல் கை தட்டினார்கள் என்று மனசுக்குள்ளேயே பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். நிறைவுக்காரர்களுக்கு எப்படியாவது தப்பித்தால் போதும். எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர் தன் ஐம்பத்து நாலாவது பிறந்தநாள் அன்று, வடக்கே எங்கோ பெரிய குழாய் வெடித்துவிட்டதாகத் தானே ஒரு புகார் எழுதி, தானே அதைப் பெற்றுக்கொண்டு, தானே பார்வையிடப் போய்விட்டார். விட்டார்களா? மறுவாரமே திருத்த ஆணை வந்தது. இனிமேல் ஊழியர்களின் பிறந்தநாள்களில் குழாய்கள் வெடிக்கக் கூடாது.

சரி, எனக்கென்ன? அரை மணி நேரம் கூடத்தில் போய் நின்று வாயைத் திறந்து காட்டினால் தீர்ந்தது என்றுதான் நினைத்திருப்பேன். ஆனால் அதே வியாழக்கிழமை, நாலு மணிக்கு, என் மனைவிக்கு ஆஸ்பத்திரி.

அவள் கழுத்தில், இடது காதுக்குக் கீழே, கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. ஊசி போட்டு அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வியாழக்கிழமை வரும். அந்த டாக்டர் வியாழன் மட்டும், நாலிலிருந்து ஐந்து வரைக்கும் மட்டும்தான் உட்காருவார். போன தடவை அவர், "அடுத்த வாரம் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்துடுங்கம்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு வார்த்தையிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கம் போயிற்று. நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அங்கே நிற்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அரை நாள் விடுப்புக்கு எழுதிக்கொண்டு போய்க் கண்காணிப்பாளரிடம் நீட்டினேன். அவர் அதைக் கையால்கூடத் தொடவில்லை.

"பொறந்தநாள் அன்னிக்கா? ஆளை விடுங்க சார். நான் பட்டது போதும். நேரா அந்தம்மாகிட்டயே போயிடுங்க."

அந்தம்மா என்றால் மகிழ்ச்சி அலுவலர். முப்பது வயசு இருக்கும். அவள் அறை முழுக்க மஞ்சள் வண்ணம் அடித்து, மூலைக்கு மூலை பலூன் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள்.

"வாங்க சார், உக்காருங்க! இன்னும் ரெண்டே நாள்தான். படபடன்னு இருக்கா?"

"இருக்கும்மா. வியாழக்கிழமை எனக்கு அரை நாள் லீவு வேணும்."

பெற்ற பிள்ளையை விற்கப்போகிறேன் என்று சொன்னதுபோல் என்னைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். கட்டி, ஊசி, டாக்டர், நாலு மணி, எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"ஐயோ, என்ன சார் இது. அப்படின்னா நீங்க கண்டிப்பா வந்தே ஆகணும். இந்த மாதிரி நேரத்துலதான் சார் மனசுக்கு நாலு பேரு வேணும்."

"எனக்கு நாலு பேரு வேண்டாம்மா. நாலு மணிக்கு அங்க போய்ச் சேர்ந்தாப் போதும்."

"மூணுக்கு ஆரம்பிச்சா மூணரைக்கு முடிஞ்சிடும் சார்."

"தலைமைப் பொறியாளர் என்னிக்கும்மா மூணு மணிக்கு வந்திருக்காரு?"

அவள் மேஜை மேல் இருந்த காகிதக் கிரீடத்தை நகர்த்தி வைத்தாள்.

"எனக்கு வேண்டாம்னு நானே கைப்பட எழுதித் தரேன். இந்த ஒரு தடவை விட்டுடேம்மா."

"அதுதான் சார் முடியாது. அந்த இடத்தைத் தெளிவா போட்டுட்டாங்க. இருங்க, காட்டறேன்."

அலமாரியிலிருந்து ஒரு கோப்புக் கட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். தலையணை கனம் இருந்தது. ஆணைக்கு மூலமான மனு அடியில் இருக்கிறது என்று சொல்லிக் கடைசித் தாளைப் புரட்டினாள். கோடு போட்ட தாள், மஞ்சளாகிப் போயிருந்தது. 'க'வுக்கு இப்படி வால் நீட்டி எழுதுகிற பைத்தியக்காரன் எவன் என்று குனிந்து பார்த்தேன். நான்தான்.

'மதிப்பிற்குரிய ஐயா, நான் இவ்வலுவலகத்தில் சேர்ந்து பதினொரு மாதங்கள் ஆகின்றன. நேற்று எனக்கு இருபத்து மூன்று வயது நிறைவடைந்தது. புதுச் சட்டை அணிந்து வந்தேன். என்னுடன் பணிபுரியும் நாற்பத்தாறு பேரில் ஒருவர்கூட என்ன விசேஷம் என்று கேட்கவில்லை. இந்த நிலை வேறு எவருக்கும் வரக் கூடாது. ஆகவே ஊழியர் ஒவ்வொருவரின் பிறந்தநாளையும், ஒருவர்கூட விடுபடாமல், கூச்சத்தால் அவரே வேண்டாம் என்று மறுத்தாலும், அலுவலகமே ஒன்றுகூடிக் கொண்டாட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

இதை எழுதியது எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. ஆனால் கோப்பு மறக்கவில்லை. நிர்வாகப் பிரிவு கருத்துக் கேட்டு நிதிப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறது. நிதிப் பிரிவு ஆறு வருஷம் யோசித்துவிட்டு, பிறந்தநாள் என்றால் என்ன என்று சட்டப் பிரிவைக் கேட்டிருக்கிறது. சட்டப் பிரிவு, ஒருவர் எத்தனை முறை பிறந்தநாள் கொண்டாடலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டா என்று திருப்பிக் கேட்டிருக்கிறது. இப்படியே தள்ளிக்கொண்டு போய், நான் கல்யாணம் செய்து, தலை நரைத்து, மூட்டு வலி வந்து, பிறந்தநாள் என்றாலே காலண்டரைத் திருப்பி வைக்க ஆரம்பித்த பிறகு, மனு ஏற்கப்பட்டது.

"'அவரே மறுத்தாலும்'னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரிய சட்டப் பிரிவுல ரொம்பப் பாராட்டியிருக்காங்க சார். ஆணையில ஒரு எழுத்து மாத்தாம சேர்த்துட்டாங்க" என்றாள் மகிழ்ச்சி அலுவலர். "மனுதாரரே வரலைன்னா நல்லாவா சார் இருக்கும்?"

அந்தப் புதுச் சட்டைக்காரன் கையில் கிடைத்தால் ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. அவனை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. சாயங்காலம் வரை ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அல்லவா?

வராமலே இருந்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஓட்டுநர் ஒருவர் அப்படி இருந்து பார்த்தார். அவருடைய பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில் 'மகிழ்ச்சியின்மை' என்று எழுதி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நீரேற்று நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாதம் ஒரு தடவைதான் வீட்டுக்கு வருகிறார்.

வீட்டில் மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "நீங்களா? 'அவரே வேண்டாம்னாலும்'னு நீங்களேவா எழுதுனீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கட்டி வலிக்கிறது என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்லா வேணும் உங்களுக்கு. நல்லா வேணும்!" எத்தனையோ நாளுக்கு அப்புறம் அவள் சிரித்ததைப் பார்த்ததில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்ததும், "ஏங்க, இந்த நேரத்துல உங்கள எங்கயாவது தூக்கி அடிச்சிட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்? இருந்துட்டே வாங்க. லேட்டானா நான் உள்ள போயிடறேன்" என்றாள்.

"நீ தனியாப் போகக் கூடாது. நான் வந்துடுவேன்."

"சரி" என்றாள். நான் வந்துவிடுவேன் என்று அவளும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு என்னைக் கூடத்தில் ஒரு சோபாவில் உட்காரவைத்து, தலையில் காகிதக் கிரீடத்தை அழுத்தினார்கள். கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள், அதுவும் விதி. யாருடைய கவனமும் சிதறக் கூடாது என்பதால் எல்லோருடைய கைபேசியும் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போடப்பட்டது. கூட்டம் குறைவாகத் தெரியக் கூடாது என்று புகார் ஜன்னலை மூடி, வரிசையில் நின்ற பொதுமக்களையும் மேலே கூட்டி வந்திருந்தார்கள். காலித் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு மனிதர் கதவை ஒட்டி நின்றார். அவர் தெருவில் ஒன்பது நாளாகத் தண்ணீர் இல்லை. அவரிடமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள்.

தலைமைப் பொறியாளர் வந்தபோது மணி மூன்று இருபத்தைந்து. வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை விரித்தார். "இருபத்து மூன்று வயதில் அடியெடுத்து வைக்கும் இந்த இளம் மலரை வாழ்த்துவதில் பெருமைப்படுகிறேன்" என்று தொடங்கினார். அது போன மாதம் தட்டச்சுப் பெண்ணுக்கு வாசித்த தாள். கூடத்தில் ஒருவர் வாய் திறக்க வேண்டுமே! நான் கிரீடத்தோடு மலராக உட்கார்ந்திருந்தேன். மலருக்கு விரைவில் நல்ல இடத்தில் வரன் அமைய வேண்டும் என்று வாழ்த்தி முடித்து, கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் மகிழ்ச்சி அலுவலர் அவர் காதில் ஏதோ சொன்னாள். "அப்படியா? அப்படியென்றால் இவருக்கும் ஒன்று வாசிப்போம்" என்றார் அவர். மணி மூன்று நாற்பத்திரண்டு.

"நண்பர்களே, ஊரில் ஒன்பது நாளாகத் தண்ணீர் இல்லை என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒன்பது நாளில் இங்கே ஒரு பிறந்தநாளாவது தவறியிருக்கிறதா? தண்ணீர் தானாகவே மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடிவிடும். அதற்கு நாம் தேவையில்லை. மகிழ்ச்சி அப்படியா? மேலிடத்திலிருந்து கீழிடத்துக்கு அதை நாம்தான் அழுத்தம் கொடுத்து இறக்க வேண்டும்! நமது மனுதாரர் இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்களைப் பதிவு செய்திருக்கிறார். அவற்றில் ஒன்றுகூடத் தீர்க்கப்படவில்லை. ஆனால் ஒன்றுகூடத் தொலைந்ததும் இல்லை. இது சாதாரணச் சாதனையா?"

கைதட்டினார்கள். கேனை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அந்த மனிதரும் தட்டினார்.

பிறகு கேக். ஆறு பிரிவுத் தலைவர்களும் பணிமூப்பு வரிசைப்படி எனக்கு ஊட்ட வேண்டும். மூன்றாவது யார் என்பதில் குழாய்ப் பிரிவுக்கும் கிடங்குப் பிரிவுக்கும் தகராறு. இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒருவர் முற்பகல், இன்னொருவர் பிற்பகல். அதைப் பார்த்துச் சொல்லப் பதிவேடு எடுத்து வர ஆள் போயிற்று. நான் வாயைத் திறந்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு அடித்தது. மனைவி இப்போது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏம்மா, முடிச்சுடலாமே" என்று மகிழ்ச்சி அலுவலரிடம் கெஞ்சினேன்.

அவள் கையில் ஒரு படிவம் இருந்தது. "எல்லாம் முடிஞ்சிடுச்சு சார். இன்னும் நெகிழ்ச்சிதான் வரல."

"அது எப்படிம்மா வரும்?"

"கண்ணு லேசா கலங்கினாலே போதும் சார். கலங்காம கலைஞ்சிடக் கூடாதுன்னு இருக்கு. உங்க அம்மாவ நெனச்சுக்குங்களேன்."

அந்த நேரத்தில்தான் கூடையில் ஒரு கைபேசி அடிக்க ஆரம்பித்தது. விடாமல் அடித்தது. கேன்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு போனுங்க இது? 'வீடு'ன்னு வருது" என்று சத்தமாகக் கேட்டார்.

என் மனைவியின் எண்ணை அப்படித்தான் பதிந்துவைத்திருந்தேன். நான் எழுந்தேன். நாலு பேர் அன்பாகத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். "கொண்டாட்டம் முடியற வரைக்கும் எடுக்கக் கூடாது சார். ரெண்டே நிமிஷம் சார்" என்றாள் அவள். கைபேசி நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி நின்றது. அதற்கப்புறம் அடிக்கவே இல்லை. மனைவி தனியாக உள்ளே போய்விட்டாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. இந்த வயசில், இத்தனை பேர் நடுவில், தலையில் கிரீடத்தோடு, நான் அழுதேன்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று மகிழ்ச்சி அலுவலர் துள்ளினாள். படிவத்தில் 'கண் கலங்கல்', 'தொண்டை அடைப்பு' என்று இரண்டு கட்டத்திலும் குறி போட்டாள். கூடமே எழுந்து நின்று தட்டியது. தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இதற்காகத்தான் நண்பர்களே நாம் வேலைக்கு வருகிறோம்" என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகைப்படக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் சார் தொடச்சீங்க? நான் இன்னும் எடுக்கவே இல்லையே! இன்னொரு தடவை, கொஞ்சம் இந்தப் பக்கமாத் திரும்பி."

இன்னொரு தடவைக்கு நான் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. அது நிற்காமல் வந்துகொண்டிருந்தது. தனியாக ஆறு படம், தலைவர்களோடு ஒன்று, கோப்போடு ஒன்று எடுத்தார்கள். தாழ் திறக்கும்போது நாலு முப்பத்தைந்து. எல்லோரும் கருத்துப் படிவம் நிரப்ப வரிசையில் நின்றார்கள். கேன்காரர்தான் கூடையிலிருந்து என் கைபேசியைத் தேடி எடுத்து என் கையில் திணித்தார்.

"போங்க சார், ஓடுங்க" என்றார். அவர் எந்தத் தெரு என்றுகூட நான் கேட்கவில்லை.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. ஆஸ்பத்திரி இரண்டாவது மாடித் தாழ்வாரத்தில் வரிசையாக நீல நாற்காலிகள், எல்லாம் காலி. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது, டாக்டர் அறைக் கதவு பூட்டியிருந்தது. கடைசி நாற்காலியில் மட்டும் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையில் ஒரு நீள உறை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். கைக்குட்டையை எடுத்து என் மீசையிலும் காதுமடலிலும் இருந்த கேக்கைத் துடைத்துவிட்டாள்.

"காது வரைக்கும் ஊட்டியிருக்காங்க. நல்லா இருந்துச்சா?"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மொதல்ல உக்காருங்க. எப்படி மூச்சு வாங்குது பாருங்க."

"உன்னத் தனியா விட்டுட்டேனே. சொல்லு, என்ன சொன்னாரு?"

"நாளைக்குச் சொல்றேன்."

"ஏன், இப்பவே சொன்னா என்ன?"

அவள் அந்த உறையைப் பைக்குள் முழுசாகத் தள்ளி ஜிப்பை இழுத்து மூடினாள். மூடிய பிறகும் கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு உங்க பொறந்தநாளுங்க. இன்னிக்கு வேண்டாம்" என்றாள்.

முப்பது வருஷக் குடித்தனத்தில் ஒரு நல்ல செய்தியை அவள் பத்து நிமிஷம்கூடத் தனக்குள் வைத்துக்கொண்டதில்லை.